கிளி ஓட்டிய வருசத்து ஒயின்

எங்கள் ஊரில் குரல்கள் காணாமல் போன வருசத்தில் மழை சரியாகத்தான் பெய்தது, கால்வாயில் தண்ணீர் சரியாகத்தான் வந்தது, பன்னீர் திராட்சை பந்தல் தாங்காத அளவுக்குச் சரியாகத்தான் காய்த்தது, ஆகையால் பிற்பாடு யார்மேல் பழியைப் போடுவது என்று தெரியாமல் எல்லாரும் கிளிகள்மேல் போட்டார்கள், கிளிகளும் மறுத்துப் பேசவில்லை, ஏனென்றால் கிளிகளுக்கு என் அப்பாவை முன்பே தெரியும்.

ஊர் இன்னாசிபட்டி, கம்பம் பள்ளத்தாக்கில். மேற்கே மலை, கிழக்கே மலை, நடுவில் திராட்சைப் பந்தல், பந்தல்களுக்கு நடுவில் மாதா கோயில், கோயிலுக்கு நடுவில் தூங்குகிற உபதேசியார். கோயில் பூசைக்கு ஒயின் போட்டுக் கொடுப்பது எங்கள் குடும்பத்துச் சோலி. அது சாதுவான ஒயின், ஊற்றினால் ஊற்றின இடத்தில் கிடக்கும். என் அப்பா ஞானப்பிரகாசத்துக்கு அது போதவில்லை. நுரைக்கிற ஒயின் போட வேண்டும், அதுவும் சொந்தத் தோட்டத்துப் பழத்தில், மருந்து அடிக்காமல், உரமூட்டை வாங்காமல், வெளியிலிருந்து ஒரு சிட்டிகைகூடச் சேர்க்காமல் போட வேண்டும் என்று நினைத்தார். நினைத்ததோடு நிற்காமல் நிலவறை வெட்டினார், கனத்த புட்டிகள் வாங்கினார், ஓட்டை போட்ட பலகைகளைச் சாய்த்து வைத்து, புட்டிகளைத் தலைகீழாகச் சொருகி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, அடியில் தங்கும் மண்டியைக் கழுத்துக்கு இறக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டார். விசயம் ஒன்றும் பெரிதில்லை. ஒயின் புட்டிக்குள்ளே மறுபடி ஒரு தடவை புளிக்கும், புளிக்கும்போது மூச்சு விடும், மூடி போட்டிருப்பதால் அந்த மூச்சு போக இடமில்லாமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கும், திறந்தால் குமிழியாக வெளியே ஓடிவரும். "அடைச்சு வச்ச மூச்சுதான்யா நுரை," என்று அப்பா பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். யாருடைய மூச்சு என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

மருந்து அடிக்காத பழம் இருக்கிற சேதி முதலில் எட்டியது பறவைகளுக்கு. பச்சைப் பச்சையாய்க் கிளிகள் மலையிலிருந்து இறங்கின, மைனாக்கள் குடும்பம் குட்டியோடு வந்தன, பக்கத்துத் தோட்டத்துக்காரர் வலை போட்டார், எதிர்த் தோட்டத்துக்காரர் வெடி போட்டார். அப்பா, "வலை பிளாஸ்டிக்கு, நம்ம தோட்டத்துக்கு ஆகாது, வெடி புகை, பழம் வாட பிடிக்கும், தகரம் தட்டுனா கொடி மெரண்டுரும்," என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுக் கடைசியில் கையை விரித்து, "வாயால வெரட்டுவோம். மனுசச் சத்தத்த விட இயற்கையான மருந்து என்ன இருக்கு?" என்றார்.

அப்படித்தான் ஊரே எங்கள் தோட்டத்துக்குக் கத்த வந்தது. கூலிக்கு வந்தவர்கள் பாதி, கத்துவதற்கு ஓர் இடம் கிடைத்ததே என்று வந்தவர்கள் மீதி. மாமியாரிடம் சொல்ல முடியாததையெல்லாம் மருமகள்கள் மைனாவிடம் சொன்னார்கள். கம்பத்தில் பழ மண்டி வைத்து ஏலம் விடுகிற உதுமான் ராவுத்தர் பழம் பார்க்க வந்தவர், வாய் சும்மா இருக்குமா, பந்தலுக்கு மேலே துண்டை வீசி, "பச்சக்கிளி ஒரு கூட்டம்! நல்லா தின்னு கொழுத்த கிளி! கேளுங்கய்யா, ஒரு தரம்!" என்று ஏலம் விட்டார், கிளிகள் தங்கள் விலையைக் கேட்டுப் பயந்து பறந்தன. பங்குச்சாமியார் அமலதாஸ் வந்து பறவைகளுக்கு மறையுரை ஆற்றினார், பறவைகள் தூங்கிவிட்டன, எழுந்து இன்னும் அதிகமாகத் தின்றன.

நான் பந்தலைத் தாங்குகிற கல்தூண் உச்சியில் உட்கார்ந்து கத்தினேன். சலேத்து என்றால் ஊருக்கே தெரியும். பருந்து போலக் கத்துவேன், மைனா சிதறும். தலைமையாசிரியர் போல, "எவண்டா அது கடைசி பெஞ்சு!" என்பேன், கீழே கத்திக்கொண்டிருக்கும் பையன்கள் சிதறுவார்கள். கம்பம் பஸ் கண்டக்டர் போல, "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத," என்பேன், கிழவிகள் பந்தலுக்கடியில் நெருங்கி நின்றுகொள்வார்கள். ராவுத்தர் குரலில் ராவுத்தரையே ஏலம் விட்டேன், அவரே விலை கேட்டார். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொருத்தர் குரலில் உள்ளேன் என்பேன். எனக்கு வராத குரல் அம்மாவுடையது ஒன்றுதான். எடுக்கப் போனால் பாதியில் சிரிப்பு வந்துவிடும், சிரிப்பை அடக்கினால் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

அம்மா பிலோமினா பந்தலுக்கடியில் மூன்று கல் கூட்டி ஆட்களுக்கு உலை வைத்துக்கொண்டே பறவை விரட்டினாள். அவள் கத்தமாட்டாள். அழையாமல் வந்த சொந்தக்காரர்களை வழியனுப்புகிற மாதிரி, உலையைக் கிண்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தி, "வாங்க மதினி, தின்னது போதும், வீட்டுல புள்ள தேடும், கெளம்புங்க," என்பாள், கிளிகளுக்கு வெட்கம் வந்து கிளம்பிவிடும். உலை தளதளவென்று கொதிக்க, ஆவி பந்தல்வழியே மேலே போக, அந்தக் குரலும் ஆவியோடு சேர்ந்து கொத்துக் கொத்தாகத் தொங்குகிற பழத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

"ஏண்டி, ஒனக்குன்னு ஒரு தொண்ட இருக்கா இல்லயா? ஒரு தடவ ஓங்கொரல்ல பேசுடி, கேப்போம்," என்பாள் என்னைப் பார்த்து.

"ஒரு தரம்!" என்பேன் ராவுத்தர் குரலில்.

"செருப்பு பிஞ்சிரும்."

"செருப்பு ரெண்டு தரம்!"

மத்தியானம் வரைக்கும்தான் இந்த ஆட்டம். வெயில் உச்சிக்கு வந்து கல்தூண் சுடும்போது யார் குரலும் ஞாபகம் வராது, வயிற்றுக்குள்ளிருந்து என்னமோ ஒன்று கிளம்பி அம்மாவைக் கூப்பிடும், அம்மா சோற்றுத் தட்டோடு தூணுக்குக் கீழே வந்து நிற்பாள். தின்று முடித்ததும் மறுபடி கண்டக்டர் ஆகிவிடுவேன்.

பழம் பறித்தோம், மிதித்தோம், ஒயின் போட்டோம். அப்பா ஒவ்வொரு புட்டியாக நிரப்பி மூடி அழுத்தினார். மூடி போட்டு முடிந்த வாரத்தில் குரல்கள் போயின.

முதலில் ராவுத்தர். மண்டியில் ஒரு குவியல் பழத்துக்கு முன்னால் நின்று, "ஒரு தரம், ரெண்டு தரம்," என்றவருக்கு மூன்றாம் தரம் வரவில்லை. வாய் திறந்திருந்தது, கை உயர்ந்திருந்தது, சத்தம் மட்டும் இல்லை. ரெண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அந்தப் பழத்தை விற்கவும் முடியவில்லை, விற்கவில்லை என்று எடுத்துப் போகவும் முடியவில்லை, கேட்ட வியாபாரி பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். அடுத்து பங்குச்சாமியார், பாதிப் பூசையில். அப்புறம் மருமகள்கள், அப்புறம் பையன்கள், தோட்டத்தில் கத்தினவர்கள் அத்தனை பேரும். அம்மாவுக்கு அடுப்படியில் போனது. என்னைக் கூப்பிட, "சலே" என்றாள். "த்து" வரவில்லை. நான் வாசலில் நின்று மீதிப் பேருக்காகக் காத்துக்கொண்டிருந்தேன், அம்மா உள்ளே நின்று அதைத் தேடிக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று மாலையே கண்டக்டர் குரலில் ஊரைச் சுற்றி வந்தேன். "சேட்டைக்காரிக்கு எதுவும் ஆகாது," என்று ஊர் தலையை ஆட்டிச் சொன்னது. அப்பாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவர் நிலவறையிலேயே இருந்ததால் கத்தவே இல்லை. மருத்துவ முகாமுக்கு வந்த டாக்டர் டார்ச் அடித்து எல்லாருடைய தொண்டையையும் பார்த்து, தொண்டை நன்றாக இருக்கிறது, உப்புத்தண்ணீர் கொப்பளியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர் கொப்பளித்தது. கொப்பளிக்கும் சத்தம் மட்டும் கொஞ்ச நாள் எல்லா வீட்டிலும் கேட்டது.

குரல் எங்கே போனதென்று கோயில் திருவிழாவன்று தெரிந்தது. அப்பா முதல் புட்டியைக் கொண்டுவந்து கொடிமரத்தடியில் வைத்து மூடியைத் தளர்த்தினார். டப் என்று மூடி பறந்தது, நுரை பொங்கியது, நுரைக்குள்ளிருந்து ராவுத்தர் குரல் கணீரென்று, "மூணு தரம்!" என்றது. ராவுத்தரோடு ஸ்டூலையும் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்கு வந்திருந்த வியாபாரி கம்பத்துக்கு ஓடிப்போய்ப் பழத்தை ஏற்றிக்கொண்டார், அதற்குள் அது பாதி உலர்ந்திருந்தது. ராவுத்தர் அந்த ஒயினைத் தொட்டது கிடையாது, தொடவும் இல்லை, மண்டியிட்டுக் காதை மட்டும் நுரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "பச்சக்கிளி ஒரு கூட்டம்," என்றது நுரை, "நல்லா தின்னு கொழுத்த கிளி," என்றது, குமிழி குறையக் குறையக் குரலும் குறைந்து, "கேளுங்கய்யா," என்று ஒரு கொசு சொல்வது போலச் சொல்லி அடங்கியது. தொண்டைக்குத் திரும்பவில்லை. ராவுத்தர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு மண்டிக்குப் போனார்.

ஊர் இதற்கு ஆச்சரியப்படவில்லை. கரண்டு போகிற மாதிரி, பஸ் நிறுத்தின மாதிரி, போனது போனதுதான் என்று எடுத்துக்கொண்டது. மண்டியில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசினார்கள். சண்டை போடுகிறவர்கள் பாத்திரத்தை எறிந்தார்கள், பாத்திரம் நசுங்கிப்போன வீடுகள் சமாதானமாக இருந்தன. மீதி எல்லாவற்றுக்கும் நான் இருந்தேன். திருப்பூரிலிருந்து மகன் போன் பண்ணினால் பெத்தவள் குரலில், "சாப்ட்டியாய்யா," என்றேன். பூசையில் பீடத்துக்குப் பின்னால் உட்கார்ந்து சாமியார் வாயசைக்கச் சாமியார் குரலில் பூசை வைத்தேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அவருக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்து, ஊமையானவர்கள் கைச்சாடையில் சொல்கிற பாவங்களைப் பார்த்து, அவர் மூன்று விரல் காட்டினால் நான், "பத்து செபம் சொல்லு," என்றேன், சிலரோடு எனக்குப் பழைய பகை. சரசுவும் ஞானசௌந்தரியும் குழாயடியில் சண்டை போட என்னைக் கூட்டிப்போய் நடுவில் நிறுத்தினார்கள், ரெண்டு பக்கமும் நானே பேசினேன், ரெண்டு பக்கமும் நானே ஜெயித்தேன்.

"ஏத்தா, நம்ம கொரல விட நீ பேசுறது நல்லாத்தேன் இருக்கு," என்று கத்த வராததால் குரல் பிழைத்த ஒரு கிழவி சொன்னாள்.

வீட்டுக்கு வந்தால் மட்டும் நான் தோற்றேன். அம்மா என் முன்னால் உட்கார்ந்து மெதுவாக வாயசைப்பாள். நான் வாயைத் திறப்பேன், சிரிப்புகூட வராது. ஊரில் எல்லாருக்கும் கொடுத்த குரலை அம்மாவுக்குக் கொடுக்க முடியவில்லை. அம்மா தன் காதைத் தொட்டு, நிலவறையைக் காட்டி, ஒரு புட்டியைக் கட்டிக்கொள்வது போலக் கையை மடித்துக் காட்டினாள். அவளுக்குக் குரல் திரும்ப வேண்டாம். அது திரும்பாதென்று அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை, தன் வீட்டில், தன் குரல் "த்து" என்று சொல்வதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் நிலவறையில் புட்டிகள் வெடிக்க ஆரம்பித்திருந்தன. நாங்கள் சும்மா சாப்பிட்டுக்கொண்டிருப்போம், கீழிருந்து ஒரு சத்தம், கூடவே, "போ சனியனே!" என்று ஒரு மருமகள் குரல், அப்புறம் ஒன்றும் இருக்காது. மனுச மூச்சை அடைத்தால் கண்ணாடி தாங்குமா? அப்பா புட்டிகளை விற்றுவிட முடிவு செய்தார். இயற்கை விவசாயச் சான்று கொடுக்கிற அதிகாரி வந்து ஒரு புட்டியைத் திறக்கச் சொல்லி, அதில் நான் எடுத்த தலைமையாசிரியர் குரல் "எவண்டா அது!" என்று கேட்டதும் எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்து, யோசித்து, "இது வெளியிலருந்து சேர்த்ததா?" என்று கேட்டார்.

"இல்லைங்க, இங்க வெளஞ்சது," என்றார் அப்பா.

"அப்ப சரி," என்று கையெழுத்துப் போட்டார்.

பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டல் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. ஊரில் யாரும் தடுக்கவில்லை. வீட்டில் வெடித்து வீணாவதற்கு எங்கேயோ நாலு பேர் காதில் விழட்டும் என்று ராவுத்தர் சாடையில் சொன்னார், மற்றவர்கள் அதைக்கூடச் சொல்லவில்லை. அம்மா மட்டும் அப்பாவின் கையைப் பிடித்தாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல், "ஒண்ணு எடுத்துக்க பிலோமி. எதுன்னுதான் எனக்குத் தெரியல. எனக்கு எல்லாம் ஒயினாத்தான் தெரியுது," என்றார்.

எது என்று கண்டுபிடிக்கத்தான் நான் இருக்கிறேனே. லாரி வாசலில் நிற்க நான் நிலவறைக்குள் இறங்கி ஒவ்வொரு புட்டியாகக் காதில் வைத்தேன். மூடியிருக்கிற புட்டிக்குள் குமிழி மெல்லச் சீறும், அந்தச் சீறலில் குரல் இருக்கும், உலகத்தில் அதைப் பிரித்துக் கேட்க முடிந்தவள் நான் ஒருத்திதான். "இது சரசு." லாரிக்கு. "இது சாமியார், கொட்டாவி விடுறார்." லாரிக்கு. "இது நான் எடுத்த கண்டக்டர்." லாரிக்கு. "இது நான் எடுத்த பருந்து." லாரிக்கு. ஆட்கள் தூக்கித் தூக்கிக் கொண்டுபோனார்கள். சில புட்டிகளில் குரலே இல்லை, வெறும் தளதளப்பு மட்டும், அடுப்பில் என்னமோ வேகிற மாதிரி. "இது சும்மா ஒயின், ஒண்ணுமில்ல," என்றேன். அவைதான் முதலில் போயின.

கடைசிப் பலகையில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. காதில் வைத்தேன். உள்ளே ஒரு குரல் இருந்தது, மெல்லிசு, லேசான கரகரப்பு. யாருடையது என்று தெரியவில்லை. திருப்பி வைத்துக் கேட்டேன், தெரியவில்லை. இந்த ஊரில் எனக்குத் தெரியாத குரல் கிடையாது. எனக்கு எடுக்க வராத குரல்தான் ஒன்று இருக்கிறது. பிறந்ததிலிருந்து காதுக்குள்ளேயே கிடக்கிற குரலைப் புட்டிக்குள் வைத்துக் கேட்டால் அந்நியமாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் புட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தேன். "அம்மா, கெடச்சிருச்சு!" என்று ராவுத்தர் குரலில் கூவினேன், ஊரே கை தட்டியது, ராவுத்தர் எல்லாரையும் விடச் சத்தமாகத் தட்டினார், லாரி புறப்பட்டது.

அம்மா புட்டியை ஈரத்துணியில் சுற்றி, தொட்டிலில் போடுகிற பிள்ளை மாதிரி ஈர மணலில் படுக்க வைத்தாள். தினமும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து காதை வைத்தாள். அவள் காதுக்குச் சீறல்தான் கேட்டது, ஆனாலும் கேட்டாள். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. கண்ணாடியில் ஒரு சின்ன விரிசல் ஓடியதைப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை, இனிப் பொறுக்காது, வெடித்துவிடும் என்று சாடை காட்டினாள். பூசை முடிந்து வந்ததும் அடுப்பில் உலையை வைத்துவிட்டு, புடவையை மாற்றிக்கொண்டு, தலை சீவி, புட்டியை நடு வீட்டில் வைத்தாள். தன் குரலைப் பார்க்க உறவுக்காரர் வீட்டுக்குப் போவது போல உட்கார்ந்தாள். அப்பா சுவரோரம் நின்றார். எனக்குத்தான் மூடியைத் திறக்கிற உரிமை.

மூடி பறந்தது. நுரை வழிந்தது. நாங்கள் "த்து"வுக்காகக் காத்திருந்தோம்.

"அம்மா," என்றது நுரை. மெல்லிசான, லேசாகக் கரகரத்த, ஒரு பெண்பிள்ளைக் குரல். "அம்மா, பசிக்குது. சோறு எடுத்துட்டு வா."

நான் அப்பாவைப் பார்த்தேன், அப்பா அம்மாவைப் பார்த்தார். "யாருங்கய்யா இது?" என்றேன் ராவுத்தர் குரலில். "நம்ம ஊர்ல இப்டி ஒரு கொரல் இல்லையே?" என்றேன் சரசு குரலில். "எவ அது, சொல்லு!" என்றேன் தலைமையாசிரியர் குரலில்.

அம்மா எழுந்து வந்து என் வாயைப் பொத்தினாள். பொத்தின கையை எடுக்காமல் மறு கையால் நுரையைக் காட்டினாள், அப்புறம் அதே விரலால் என் தொண்டையைத் தொட்டாள், மறுபடி நுரை, மறுபடி தொண்டை. அவள் கண்ணிலிருந்து வழிந்தது என் நெற்றியில் விழுந்தது. எனக்கு அப்போதும் புரியவில்லை. ஊரில் எல்லாருக்கும் குரல் போனபோது எனக்கும் போயிருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை, யாரும் கவனிக்கவில்லை, நான் அதை உபயோகித்ததே அந்தக் கல்தூண் உச்சியில், பசியில், அவளைக் கூப்பிடும்போது மட்டும்தான் என்பது நுரை பாதி அடங்கிய பிறகுதான் எட்டியது. அதற்குள் அது கொசு அளவுக்கு ஆகியிருந்தது.

"அம்மா," என்றது கடைசிக் குமிழி.

அம்மா என்னை விட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். கூப்பிட்டால் போகத்தானே வேண்டும். தட்டை எடுத்தாள், அகப்பையை எடுத்தாள். உலை மூடியைத் தூக்கினாள். அரிசி இன்னும் வேகவில்லை, தளதள, தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை நான் நிலவறையில் கேட்டிருக்கிறேன். காதோடு ஒட்டி வைத்துக் கேட்டுவிட்டு, சும்மா ஒயின், ஒண்ணுமில்ல என்று சொல்லி முதலில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

பெங்களூரில் விளக்குப் போட்ட ஒரு கூடத்தில், பளபளவென்று உடுத்திய ஆட்கள் நடுவில், யாரோ அந்தப் புட்டிகளில் ஒன்றைத் திறந்திருப்பார்கள். ஒரு பெண்பிள்ளைப் பெயரின் மிச்சம் அங்கே விழுந்திருக்கும், என்ன சத்தம் அது என்று ஒருத்தர் திரும்பியிருப்பார். அப்புறம் அவர்களுக்குப் புரியாத பாசையில், உலை ஆவியோடு, "வாங்க மதினி, தின்னது போதும், வீட்டுல புள்ள தேடும், கெளம்புங்க," என்று சொல்லியிருக்கும். ஒருத்தரும் கிளம்பியிருக்க மாட்டார்கள்.

அம்மா வேகாத சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டுவந்து என் முன்னால் நின்றாள். நான் வாயைத் திறந்தேன். யார் குரலும் வரவில்லை.